கூட்டத்துக்கு ஒரு பொது ஆள்: செஞ்சி ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணிகர் சங்கத்தாருக்கும், ஏரிப் பாசன விவசாயிகளுக்கும், கோட்டை வாசலில் கடை போட்டிருக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும், ஆட்டோ, வேன் ஓட்டும் தம்பிகளுக்கும், மகளிர் குழுக்களுக்கும், கோயில் விழாக் குழுவினருக்கும், கோட்டை வரலாற்றை உயிராக நினைக்கும் நண்பர்களுக்கும்,

போன மாதம் நாம் எல்லோரும் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம். கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் கிடைத்தபிறகு ஊர் எப்படி வளர வேண்டும் என்று பேசுவதற்காகக் கூட்டிய கூட்டம். நோட்டீசில் பத்து மணி என்று இருந்தது. பதினொன்றுக்குத் தொடங்கியது. வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முடியப் பதினொன்று நாற்பது. நான் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்தில், கோட்டை வாசலில் மல்லாட்டை அவித்து விற்கிற ஓர் அம்மா. இடுப்பில் சுருக்குப்பை, கையில் ஒரு துண்டுச் சீட்டு. பேச வேண்டியது மறந்துவிடக் கூடாதே என்று பேத்தியை விட்டு மூன்று விஷயம் எழுதி வாங்கி வந்திருந்தார்.

அவர் இரண்டு முறை கையைத் தூக்கினார். முதல் முறை மேடையிலிருந்து ஒருவர், "கடைசியில வாய்ப்பு தர்றோம்மா" என்றார். இரண்டாவது முறை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பாரம்பரியப் பட்டியலில் கோட்டைக்கு 'மராட்டிய' என்று பெயர் வந்தது சரியா தப்பா என்று அப்போது முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி ஆயிற்று. அந்த அம்மா சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, "நேரமாவுது, போயி அடுப்பு மூட்டணும்" என்று எழுந்தார். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன், "கையெழுத்து போட்டுட்டுப் போங்க ஆயா" என்று நோட்டை நீட்டினான். போட்டுவிட்டுப் போனார்.

சாப்பாட்டுக்கு முன்னால் தீர்மானங்களை வாசித்தார்கள். எல்லாம் ஏகமனதாக நிறைவேறியது என்றார்கள். நான்காவது தீர்மானம், கோட்டை வாசலில் இருக்கிற தரைக்கடைகளை அப்புறப்படுத்தி வேறு இடம் பார்க்க வேண்டும் என்பது. அந்த அம்மாவின் கையெழுத்து அதற்கும் கீழேதான் இருக்கிறது.

அன்றைக்கு மனதில் தைத்தது இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கூட்டத்தைக் கூட்டியவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கைக்காசு போட்டு மண்டபம் பிடித்து, இருநூறு பேருக்குச் சாப்பாடு போட்டவர்களுக்கு ஊர்மேல் அக்கறை இல்லை என்று யார் சொல்ல முடியும்? நம் எல்லோருக்கும் பழகிப்போன முறையில்தான் நடத்தினார்கள். கூட்டியவரே தலைமை தாங்கினார். தலைமை தாங்கியவரே முதல் கருத்தைச் சொன்னார். மைக்கை அடுத்து யாரிடம் கொடுப்பது என்பதையும் அவரே முடிவு செய்தார். கடைசியில் தீர்மானத்தை எழுதியதும் அவரே. இந்த நாலு வேலையும் ஒரே ஆள் கையில் இருந்தால், அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் கூட்டம் அவர் நினைத்த பக்கம்தான் சாயும்.

மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றிப்போகிற விவசாயிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வாங்குகிற வியாபாரியே எடையும் போட்டு, விலையும் சொல்லி, கழிவும் பிடித்த காலம் ஒன்று இருந்தது. அந்த வியாபாரிகள் எல்லோருமே கெட்டவர்கள் என்றில்லை. தராசு அவர்கள் கையில் இருந்ததுதான் கோளாறு. சென்னை மாகாணத்தில் 1933-இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது அதற்காகத்தான்: விற்பவனும் வாங்குபவனும் பேரம் பேசட்டும், எடை போடுவதைப் பொதுவான இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று. மூட்டைக்கு அப்படி ஒரு பொதுத் தராசு வேண்டும் என்று தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒத்துக்கொண்டோம். பேச்சுக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த கூட்டத்தை நடத்தித் தர ஒரு பொது ஆளை அழையுங்கள். கோட்டையால் லாபமோ நஷ்டமோ இல்லாதவர், முடிவில் ஓட்டு இல்லாதவர், தன் கருத்தைச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தவர். அப்படி ஒருவர்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த மாவட்டத்தில் இருபத்து நான்கு வருடம் மகளிர் குழுக்களுக்கும் ஏரிச் சங்கங்களுக்கும் கூட்டம் நடத்தித் தருவதுதான் எனக்கு வேலையாக இருந்தது. திட்ட அலுவலகங்களில் ஃபெசிலிடேட்டர் என்பார்கள். பயிற்சிக் கையேடுகளில் வசதியாளர் என்றும் நெறியாளர் என்றும் போட்டிருக்கும். ஓர் ஏரிச் சங்கத்துப் பெரியவர், "இந்தப் பொண்ணு பொது ஆளு, இதுகிட்ட மைக்க குடு" என்றார். எனக்கு நிலைத்தது அந்தப் பெயர்தான். நாட்டாமை என்றால் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பட்டிமன்ற நடுவர் என்றால் எந்த அணி வென்றது என்று சொல்ல வேண்டும். பொது ஆளுக்கு இரண்டும் இல்லை. எல்லோரும் பேசினார்களா, பேசியது பேசியபடியே எழுதப்பட்டதா, எடுத்துக்கொண்ட விஷயம் நழுவாமல் போகிறதா, இவ்வளவுதான் அவர் கவலை.

அது எப்படி நடக்கும் என்பதற்கு நான் கண்ட ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். மேல்மலையனூர்ப் பக்கம் ஓர் ஏரி. ஊர்ப் பெயர் வேண்டாம். தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஏரியில் எந்த வேலையை முதலில் எடுப்பது என்று முடிவு செய்தால்தான் பணம் வரும். முதல் இரண்டு கூட்டமும் பழைய வசவில் தொடங்கிப் பழைய வசவிலேயே முடிந்தன. மூன்றாவது கூட்டத்துக்கு நான் நாற்காலி போடச் சொல்லவில்லை. கோயில் மண்டபத்துச் சிமெண்டுத் தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, ஒரு டப்பா கோலமாவை நடுவில் வைத்து, "உங்க ஏரிய எனக்குத் தெரியாது. வரைஞ்சு காட்டுங்க" என்றேன்.

ஐந்து நிமிடம் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு பெண் எழுந்து வந்து மாவை எடுத்துக் கரையை இழுத்தார். கோலம் போட்டுப் பழகிய கை, ஒரே இழுப்பில் வளைந்து வந்து நின்றது. இன்னொருவர் மதகுக்கு ஒரு செங்கல் துண்டை வைத்தார். கலங்கலுக்கு வேப்பங்கொத்து. தூணில் சாய்ந்து கைகட்டி நின்றிருந்த ஆண்களில் ஒருவர், "மதகு அங்க இல்ல, இன்னும் தெக்கால" என்று சொல்லிக்கொண்டே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் எதிர்த்தரப்புக்காரர் ஒருவர் வந்து கழனிகளைப் பிரித்தார். மூன்று வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், இப்போதும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் தரையைப் பார்த்துத்தான் பேசினார்கள். ஆனால் பேசினார்கள்.

கடைசியில், அதுவரை மண்டபத்துப் படி ஏறாமல் வெளியே நின்ற ஒரு பெரியவரை உள்ளே வரச் சொன்னேன். அவர் காலனியைச் சேர்ந்தவர். மூன்று தலைமுறையாக ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் வேலை அவர்கள் குடும்பத்துடையது. அடுப்புக் கரி ஒன்றை எடுத்து வாய்க்காலில் ஓரிடத்தில் அழுத்திக் கோடு போட்டார். "இங்க அடியில ஓட்டை. தொறக்குற தண்ணியில பாதி இங்கியே போயிடுது. கடைமடைக்கு எப்படி வரும்?" என்றார். கூட்டம் அப்படியே அமைதியானது. தலைமடைக்காரர்கள் தண்ணீரைத் திருடுகிறார்கள் என்ற மூன்று வருடத்துச் சண்டை, அந்தக் கரிக்கோட்டில் வேறு விஷயமாக மாறிவிட்டது.

அன்று நான் செய்தது என்ன? மாவு வாங்கிப் போனேன். "இங்க தண்ணி வர எத்தனை நாள் ஆவும்?" என்பது போல ஏழெட்டுக் கேள்வி கேட்டேன். அவர்கள் சொன்னதைச் சார்ட் தாளில் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டினேன். வாய்க்கால் ஓட்டை என்று அவர் சொன்னதை நீர்க்கசிவு என்று திருத்தவில்லை. மைக்கேல் டாய்ல், டேவிட் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள், கட்டடக் கலை படித்தவர்கள், கூட்டம் நடத்தும் முறை பற்றி 1976-இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். சுவரில் எழுதி ஒட்டுவதற்கு அவர்கள் வைத்த பெயர் குழு நினைவு. எவர் நினைவும் எவர் நோட்டும் இல்லாமல், கூட்டத்தின் நினைவு கூட்டத்தின் கண்முன்னாலேயே இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். தான் சொன்னது சுவரில் ஏறிவிட்டது என்று கண்ணால் பார்த்தவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கத்துவதில்லை. இதை நான் நூறு ஊரில் பார்த்துவிட்டேன்.

நான் தவறிய இடத்தையும் சொல்லியாக வேண்டும். வேலைக்கு வந்த ஐந்தாவது வருடம், இன்னோர் ஏரி. வரத்துக் கால்வாயைத் தூர்வாருவதுதான் முதலில் செய்ய வேண்டியது என்று எனக்கே ஓர் எண்ணம் வந்துவிட்டது. கூட்டத்தில் அதைச் சொன்னேன். கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை, நல்லதென்று நம்பித்தான் சொன்னேன். "மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். தூர்வாரினோம். மழை வந்தது, ஏரி நிறைந்தது. மதகுப் பலகை உடைந்திருந்ததால் ஒரே மாதத்தில் தண்ணீர் வடிந்துபோனது. கடைமடையில் பால் பிடிக்கிற பருவத்தில் பயிர் காய்ந்தது. மதகு உடைந்திருப்பது அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். நான் வாயைத் திறந்த பிறகு அவர்கள் வாயைத் திறக்கவில்லை. நடத்தித் தருகிறவர் கருத்துச் சொல்லக் கூடாது என்பதைப் புத்தகத்தில் படித்தபோது அது சாதாரண விதியாகத்தான் தெரிந்தது. அந்தக் காய்ந்த கழனி வரப்பில் நின்றபோதுதான் புரிந்தது.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது நினைத்தால், வந்தவாசி வழியாக உத்திரமேரூர் போய் வாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டை எல்லோரும் தேர்தலுக்காகத்தான் பேசுகிறோம். எனக்கு அதில் பிடித்தது வேறு. ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பவன் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவனாக இருக்க வேண்டும். எடுத்த ஓலையை வாங்குபவன் மத்தியஸ்தன். ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று கல்லில் எழுதியிருக்கிறது. விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக. வாங்கி வாசித்த பிறகு, அங்கே இருக்கும் கோயில் நம்பிமார்களும் வாசிக்க வேண்டும். மத்தியஸ்தன் சபையில் ஓர் உறுப்பினன் இல்லை. சபை பேசியதை எழுத்தில் கொண்டுவருவது அவன் வேலை. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னாலேயே நம் பக்கத்து ஊரில், பேசுகிறவர் வேறு, பேச்சைக் கையில் வாங்குகிறவர் வேறு என்று பிரித்து வைத்திருந்தார்கள். கையை விரித்துக் காட்டச் சொன்னார்கள்.

இனி செஞ்சிக்கு வருகிறேன். 2025 ஜூலை 11 அன்று பாரிசில் நடந்த உலகப் பாரம்பரியக் குழுவின் 47-ஆவது அமர்வில், 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகள் பட்டியலில் சேர்ந்தன. 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று நம்முடையது. அன்று ஊரில் எல்லோருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எனக்கும்தான். அந்தப் பெருமையோடு சேர்ந்து எத்தனை கேள்வி வந்திருக்கிறது என்று பாருங்கள். ராஜகிரி மலைக்கும் கிருஷ்ணகிரி மலைக்கும் நடுவே திருவண்ணாமலை ரோடு கோட்டைக்குள்ளேயே புகுந்து போகிறது. கூட்டம் கூடினால் அந்த ரோடு தாங்குமா, வண்டிகள் எங்கே நிற்கும்? பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானமே கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்கிறது 2010-இல் திருத்திய சட்டம். கோட்டைச் சுவரோ சுமார் 13 கிலோமீட்டர் ஓடுகிறது. வீட்டுக்கு ஒரு கழிவறை எடுத்துக்கட்ட நினைக்கிறவர் யாரிடம் போய் நிற்பது? மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர்கள், காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள், குளத்தில் மீன்பிடிக்கிறவர்கள், இவர்களுக்கு என்ன வழி? தங்கும் விடுதி வரப்போகிறது என்று தெரிந்ததும் கழனி விலை ஏறினால் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர் கதி என்ன?

பிறகு அந்தப் பெயர்ச் சண்டை. கோனார் கட்டியது என்கிறவர்கள் இருக்கிறார்கள். நாயக்கர் காலத்தில்தான் கல்யாண மஹாலும் நெற்களஞ்சியமும் வந்தன என்கிறவர்கள், 1677-இல் சிவாஜி வந்ததைச் சொல்கிறவர்கள், சாதத்துல்லா கான் மசூதியில் தொழுத முன்னோரை நினைக்கிறவர்கள், தேசிங்கு ராஜன் கதைப்பாட்டைக் கேட்டு அழுத பாட்டிகளின் பேரப்பிள்ளைகள், எல்லோரும் இந்த ஊரில்தான் இருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் நியாயம் இருக்கிறது. இவர்களில் யார் தலைமையில் கூட்டம் போட்டாலும் மற்றவர்கள் அன்று வரமாட்டார்கள், அல்லது வந்து கத்துவார்கள். போன மாதம் கண்ணால் பார்த்தோமே.

கோட்டைக்குள்ளேயே இதற்கு ஒரு சரித்திரம் கிடக்கிறது. 1690-இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698 தொடக்கத்தில்தான் முடிந்தது. உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராம், வெளியே ஔரங்கசீப்பின் படை. எட்டாண்டு இழுத்ததற்கு மலையின் உயரத்தையும் மூன்று மலைகளை இணைக்கும் மதிலையும் சொல்வோம். அதோடு இதையும் சொல்ல வேண்டும்: வெளியே இருந்த படையில் தளபதி சுல்பிகர் கானுக்கும் அவர் தந்தை ஆசாத் கானுக்கும் ஒரு பேச்சு, இளவரசர் காம் பக்ஷுக்கு வேறு பேச்சு. இளவரசர் ரகசியமாக ராஜாராமுடன் தொடர்பு வைத்துக்கொண்டார் என்று தெரிந்து, தளபதிகளே தங்கள் சக்கரவர்த்தியின் மகனைக் காவலில் வைக்கும்படி ஆயிற்று. ஒரே பக்கம் நின்றவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வழியில்லாமல் போனதும் அந்த எட்டு வருடத்தில் சேர்ந்திருக்கிறது.

ஹம்பியை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. 1986-இல் பட்டியலில் சேர்ந்த ஊர். ஆனெகுந்திப் பக்கம் பரிசலில் ஆற்றைக் கடந்து அலுத்த ஜனங்கள் பாலம் கேட்டார்கள். பாலம் கட்டத் தொடங்கினார்கள். அதனாலேயே 1999-இல் ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலுக்கு ஹம்பி போனது. அதிலிருந்து வெளிவர 2006 ஆயிற்று. 2009-இல் பாதி கட்டிய பாலம் இடிந்து விழுந்தது, ஆள் சேதம் வேறு. 2011 ஜூலையில், விருபாக்ஷர் கோயில் எதிரே இருந்த பழைய கடைத்தெருவில் வீடுகளையும் கடைகளையும் இடித்தார்கள். பாரம்பரியம் முக்கியம் என்கிறவர்களும் எங்களுக்கும் வாழ்க்கை இருக்கிறது என்கிறவர்களும் ஒரே தரையில் உட்கார்ந்து தொடக்கத்திலேயே பேசியிருந்தால் இதில் எவ்வளவோ தவிர்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். உலகப் பாரம்பரியக் குழுவே 2007-இல் கூடிய அமர்வில் தன் குறிக்கோள்களில் ஐந்தாவதாகச் சமூகம் என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. ஊர் மக்களைக் கேட்க வேண்டும் என்பது காகிதத்தில் இருக்கிறது. கேட்கிற முறையை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

நமக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. சுற்றுக் கிராமங்களுக்காவது கிராம சபை உண்டு. செஞ்சி பேரூராட்சி என்பதால் அது கிடையாது. கிராம சபை இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. தமிழ்நாட்டுக் கிராம சபைகளில் பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதியெடுத்து, ராம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி மூவரும் செய்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. பெண்கள் பேசுவதற்கான வாய்ப்பே ஆண்களைவிடக் குறைவு, அவர்கள் எடுத்த பேச்சு தொடர்வதும் குறைவு, அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதில் கிடைப்பதும் குறைவு என்று அதில் தெரிந்தது. தலைவர் பெண்ணாக இருந்த இடங்களில் பெண்களின் பேச்சுக்குப் பதில் கிடைப்பது கூடியிருந்தது. முன்னால் உட்கார்ந்து நடத்துவது யார் என்பதைப் பொறுத்துப் பின்வரிசையின் குரல் மாறுகிறது. மல்லாட்டை விற்கிற அம்மாவின் துண்டுச் சீட்டு எனக்கு மறுபடி ஞாபகம் வருகிறது.

நம் மாநிலத்திலேயே நல்லபடியாக நடந்ததும் உண்டு. 2004-இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துப் பொறியாளர்கள் தங்கள் வேலைமுறையையே மாற்றிப் பார்க்க முனைந்தபோது, அவர்கள் கூடிப் பேசிய முறைக்குக் 'கூடம்' என்று பெயர் வைத்தார்கள். நம் பழைய வீடுகளின் கூடம்தான். மேடை இல்லை, வட்டமாக உட்கார வேண்டும், தலைமைப் பொறியாளரும் இளநிலைப் பொறியாளரும் ஒரே வரிசை. வாரியத்தைச் சேராத வெளியாட்கள் பேச்சை நடத்தித் தந்தார்கள். மக்களோடு சேர்ந்து வேலை செய்வோம் என்று மறைமலைநகரில் அந்தப் பொறியாளர்களே ஒரு பிரகடனம் எழுதினார்கள். மேலதிகாரிமுன் வாய் திறக்காத ஓர் அலுவலகத்தில் இது முடிந்திருக்கிறது. மாமன் மச்சானாகப் பழகுகிற நம் ஊரில் முடியாதா?

இதைச் சொன்னதும் என்னிடம் சிலர் கேட்ட கேள்விகள் உண்டு. வெளியாளுக்கு நம்ம ஊரைப் பற்றி என்ன தெரியும்? தெரியாமல் இருப்பதுதான் அவருடைய தகுதி. தெரியாதவர் "அது எங்க இருக்கு, யாருது, எப்ப இருந்து?" என்று கேட்பார். நமக்கெல்லாம் தெரியும் என்று நாம் தாண்டிப்போகிற இடத்தில்தான் சிக்கல் இருக்கும். அதிகாரி ஒருவரையே நடத்தச் சொல்லலாமே என்றார் ஒரு தம்பி. அதிகாரிகள் கட்டாயம் வரவேண்டும். தொல்லியல் துறை, வனத்துறை, பேரூராட்சி, நெடுஞ்சாலைத் துறை எல்லோரும் உட்கார வேண்டும். ஆனால் கடைசியில் ஆமாம் இல்லை என்று சொல்லப்போகிறவர்கள் அவர்கள். அவர்களும் பேச வேண்டியவர்களே, நடத்த வேண்டியவர்கள் இல்லை.

"அப்ப நீயே நடத்திக்குடேன், அனுபவம் இருக்கே" என்றார்கள் என் குழுப் பெண்கள். என்னால் முடியாது. என் தம்பிக்குக் கோட்டைச் சுவரை ஒட்டி ஐந்து சென்ட் இருக்கிறது. அந்த 100 மீட்டர் விதியைப் பற்றிப் பேச்சு வரும்போது என் முகம் எப்படி மாறும் என்று எனக்கே தெரியாது. நான் உங்களில் ஒருத்தியாக வட்டத்தில் உட்கார்ந்து என் பங்கைப் பேசுகிறேன். நடத்தித் தர, பக்கத்து மாவட்டத்திலிருந்து ஏரிச் சங்கங்களில் பழகிய ஒருவரையோ, கல்லூரியில் சமூகப்பணி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரையோ அழைத்து வரலாம். இங்கே நிலம், கடை, உறவு, கட்சிப் பொறுப்பு எதுவும் இல்லாதவராகப் பாருங்கள்.

அவருக்கான பணத்தை ஒரே சங்கம் கொடுக்கக் கூடாது. இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். வழிச்செலவும் ஒரு நாள் சம்பளமும் பெரிய தொகை ஆகாது. எல்லாச் சங்கமும் பங்கு போடட்டும். தரைக்கடைக்காரர்கள் பத்து ரூபாய் போட்டாலும் அவர்கள் பெயரும் ரசீதில் வரட்டும். அவர் சாய்கிறார் என்று எந்தச் சங்கத்துக்குத் தோன்றினாலும் எழுந்து சொல்லலாம், அவரை மாற்றலாம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே அவர் வந்து தனித்தனியாக எல்லோரையும் பார்க்கட்டும். கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் டீக்கடை பெஞ்சில் பேசுவார்கள், ஆடு ஓட்டிக்கொண்டே பேசுவார்கள். அதிலிருந்து பேச வேண்டிய விஷயங்களை அவர் எழுதி எடுத்து வந்தால், நோட்டீசு எழுதுகிறவர் நினைத்ததோடு நிகழ்ச்சி நின்றுவிடாது.

ஏகமனதாக என்ற சொல்லைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிடலாம். பன்னிரண்டு பேருக்குச் சம்மதம் இல்லை என்றால் பன்னிரண்டு பேருக்குச் சம்மதம் இல்லை என்றும், ஏன் இல்லை என்றும் எழுதட்டும். கையெழுத்து கூட்டம் முடிந்த பிறகு, தீர்மானத்தை வாசித்துக் காட்டிய பிறகு வாங்கட்டும். வந்தவர் பட்டியலுக்குத் தனி நோட்டு, தீர்மானத்துக்குத் தனி நோட்டு. நாலாவது தீர்மானத்தையும் எடுத்து மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தீர்மானம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வாசலில் நெரிசல் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கடைக்காரர்களில் ஒருவர்கூடப் பேசாமல் அது எழுதப்பட்டது.

பெயர்ச் சண்டைக்கும் ஒரு நாள் தனியாக வையுங்கள். அதை வண்டி நிறுத்தும் பேச்சோடு கலந்தால் இரண்டும் கெடும். கல்யாண மஹாலும் மசூதியும் வெங்கடரமணர் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற ஊர் இது. அதைப் பேச ஒரு முழு நாள் கொடுக்கலாம்.

இடத்துக்கு மண்டபம் வேண்டாம் என்று தோன்றுகிறது. மேடை இருந்தால் யாராவது ஏறிவிடுவார்கள். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரமோ, பெரிய மரத்தடியோ போதும். ஜமுக்காளம் விரித்து, முட்டி வலி உள்ளவர்களுக்கு நாற்காலி போட்டு வட்டமாக உட்காரலாம். நாள் குறிக்கும்போது வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள், சந்தை நாள், ஆடு மாடு வைத்திருப்பவர்கள் யாரும் வர முடியாது. அமாவாசையும் வேண்டாம், பாதி ஊர் மேல்மலையனூருக்குப் போய்விடும். சனி, ஞாயிறு கோட்டைக்கு ஆள் வருகிற நேரம், வாசல் கடைகளுக்கு அன்றுதான் வியாபாரம். செவ்வாயோ புதனோ, காலை ஏழரைக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடித்தால், மல்லாட்டை அவிக்கப் போகிறவர்களுக்கும் நேரம் இருக்கும்.

ஒரு டப்பா கோலமாவு நான் வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
கோட்டை நிழலில் பிறந்து வளர்ந்த உங்கள் சகோதரி